வாறுகால் மனு

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அன்றைக்கு ஜீப்பில் பதினோரு பெண்கள் இருந்ததாகச் சிலர் சொன்னார்கள்; சுந்தரம்மாள் பதின்மூன்று என்றாள். மரம் விழுந்து கிடந்தது ஏழாவது வளைவிலா ஒன்பதாவது வளைவிலா என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு. பேச்சி என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவையும் சில இடங்களில் பேச்சை நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தச் சும்மா இருந்த இடங்களை நானாகத்தான் நிரப்பியிருக்கிறேன். தப்பு இருந்தால் அங்கேதான் இருக்கும்.

போடியின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது ஓடைக்கரைத் தெரு. அங்கே நின்றால் வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் மலை சுவர்போல எழும்பி நிற்கும். தெருவின் வடக்கு ஓரமாக வாறுகால் ஓடுகிறது. மற்ற நாட்களில் அது பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற சாக்கடை. மலையில் மழை இறங்கினால் ஓடையாகிவிடும். சருகு, குச்சி, பிளாஸ்டிக் பை, சில சமயம் செத்த கோழி எல்லாம் அடித்துக்கொண்டு வரும்.

பேச்சியின் வீடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தெருவுக்கு மூன்று தடவை சிமெண்டு ரோடு போட்டதில் ரோடு உயர்ந்து வீடு பள்ளத்தில் நின்றுவிட்டது. வாசலில் இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். அவள் வீட்டுக்கு அடுத்து, தெரு சரிகிற பக்கம், மகாராஜன் வீடு. மகாராஜனிடம் ஜீப் இருந்தது. காலை ஐந்தே முக்காலுக்குத் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவான். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்ப வேண்டும்.

ஜீப்பில் ஏறுவதற்கென்று எழுதாத ஒரு சட்டம் உண்டு. ஒரு வண்டிக்காரன் வேண்டாம் என்று இறக்கிவிட்ட பெண்ணை ஸ்டாண்டில் வேறெந்த வண்டிக்காரனும் ஏற்ற மாட்டான். காரணம்கூடக் கேட்க மாட்டான். பஸ்ஸில் போய்ச் சேரலாம் என்றால் பஸ் போய் நிற்கும் நேரத்தில் தோட்டத்தில் ஆள் எண்ணி முடிந்திருக்கும். ஜீப்பில் இடம் போனால் மலையில் வேலையும் போயிற்று.

பேச்சியின் புருஷன் மொக்கச்சாமி ஆறு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தில் நிழல் மரக் கிளை கழிக்க ஏறி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஜன்னலோரம் தாழ்வான கயிற்றுக் கட்டிலில் கிடப்பார். வாய் மட்டும் ஓயாது.

"இன்னிக்கு என்ன கொழம்பு?"

"கருவாடு."

"நேத்தும் கருவாடு, முந்தாநாளும் கருவாடு. என்னையக் கடல்ல கொண்டுபோய்ப் போட்ரு, நானே புடிச்சுத் தின்னுக்கிறேன்."

அவள் நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, அவரைப் புரட்டித் துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, கை எட்டும் தூரத்தில் ஸ்டூலில் சோறும் தண்ணியும் போனும் வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவாள். பூட்டாமல் போன ஒரு நாள் தெருநாய் உள்ளே வந்து சோற்றைத் தின்றுவிட்டு அவர் காலின் மேலேயே படுத்திருந்தது. எத்தனை கத்தியும் அது எழுந்து போகவில்லை.

மகாராஜன் தன் வீட்டு வாசலில் வாறுகாலை அடைத்துச் சிமெண்டில் சரிவு கட்டினான். ஜீப் ரோட்டிலிருந்து ஏறி முற்றத்துக்குள் போய் நிற்பதற்காக. தண்ணீர் போக ஆறு இஞ்சு குழாய் ஒன்று உள்ளே பதித்திருந்தான். அந்த வருஷம் ஐப்பசியில் மலையில் பெரிய மழை இறங்கியது. சருகு அடைத்துக் குழாய் மூடிக்கொண்டது. தண்ணீர் சரிவில் முட்டித் திரும்பி, பள்ளத்தில் இருந்த பேச்சி வீட்டுக்குள் இறங்கியது. பேச்சி மலையில் இருந்தாள். ரோட்டில் பாறை சரிந்து ஜீப்புகள் போடிமெட்டிலேயே நின்றுவிட்டன.

அவள் வந்து கதவைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கட்டில் மிதந்து திரும்பிக் கிடந்தது. மொக்கச்சாமி இடுப்பளவுத் தண்ணீரில் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணிநேரம் அப்படித் தொங்கியிருக்கிறார். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரித்தெடுக்க முடிந்தது. போன் தண்ணீருக்கடியில் எங்கோ கிடந்தது.

துடைத்து, வேட்டி மாற்றி, அடுப்பு மூட்டிய பிறகுதான் அவர் பேசினார்.

"யார்ட்டயும் சொல்லாத."

"ஏங்க?"

"சாக்கடத் தண்ணிக்குள்ள மூத்திரம் போய்க்கிட்டு, காப்பாத்துங்கன்னு கத்துனேன். ஒருத்தருக்கும் கேக்கல. அது என்னோட போகட்டும்."

அவள் சொல்லவில்லை. மறுநாள் ஜீப்பில் மகாராஜன் கண்ணாடி வழியாகப் பார்த்து, "என்னக்கா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சாமே?" என்று கேட்டான். "கொஞ்சூண்டு தம்பி. தரை ஈரம். அம்புட்டுத்தேன்" என்றாள்.

அதன் பிறகு மலையில் மேகம் கறுத்தாலே அவள் கை நின்றுவிடும். ஏலச்செடியின் தூரில் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் சரத்தில் குனிந்து காய் எடுக்கும்போது, அட்டை கணுக்காலில் ஏறுவதுகூடத் தெரியாது. கீழே போடிப் பக்கம் வானம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று எழுந்து எழுந்து பார்ப்பாள்.

"எந்தா சேச்சி, ஆகாசத்திலயா காய் இருக்கு?" என்று சூப்பர்வைசர் கேட்டால் மற்ற பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அடுத்த வருஷம் ஆவணி முடியும்போது அவளுக்குப் பயம் கூடியது. சரிவை எடுக்கச் சொல்லி மகாராஜனிடம் கேட்கலாம் என்று இரண்டு நாள் காலையில் வாயைத் திறந்தாள். ஒரு நாள் "என்னக்கா?" என்றான். "ஒண்ணுமில்ல தம்பி, டயரு காத்துக் கொறவா இருக்காப்பல" என்றாள். இறங்கிப் பார்த்துவிட்டு, "காத்தெல்லாம் சரியாத்தேன் இருக்கு. ஒமக்குத்தேன் கொறவு" என்றான். ஜீப்பே சிரித்தது.

புரட்டாசியில் உடம்புக்குச் சரியில்லை என்று ஒரு நாள் நின்று, தாலுகா ஆபீஸ் பக்கத்தில் மேசை போட்டு மனு எழுதித் தருகிற கன்னையனிடம் போனாள்.

"யாரு மேலம்மா மனு?"

"யாரு மேலயும் இல்லண்ணே."

"யாரு மேலயும் இல்லாம மனுவா?"

"பேரு போட வேணாம். எங்க தெருவுல வாறுகாலுக்கு மேல கட்டிருக்காக, தண்ணி போகலன்னு மட்டும் போடுங்க."

"ஓம் பேரையாவது போடணும்த்தா. பேரில்லாத கடுதாசிய அங்க பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாக."

"என் பேரு வெளிய வருமா?"

"வராதுன்னு கீழ ஒரு வரி சேத்து எழுதுறேன். அதுக்கு மேல ஒன் யோகம்."

அவன் எழுதினான். 'ஓடைக்கரைத் தெருவில் வாறுகால் முழுவதும் ஆக்கிரமிக்கப்பட்டுள்ளதால்' என்று இருந்தது. அவள் கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்தே போட்டாள். நகராட்சியில் மனுவை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் அந்தச் சீட்டை முந்தானைக்குள்ளேயே பொடிப்பொடியாகக் கிழித்து, படுதாவுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றில் விட்டாள். மகாராஜன் பெயரைப் போடாமல் விட்டதால் தப்பித்தோம் என்று நினைத்தாள். பெயர் இல்லாமல் போனதுதான் தெருவையே இதற்குள் இழுத்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நகராட்சியிலிருந்து நகரமைப்பு ஆய்வாளர் வந்தார். அருள்மொழி என்று பெயர். நாற்பது வயதிருக்கும் பெண், தலையில் துண்டு கட்டியிருந்தார். கூட ஒரு ஓவர்சியர், டேப் பிடிக்க இரண்டு பேர், சிவப்புப் பெயிண்ட் டப்பா.

"ஞாயித்துக்கெழம கூடவா ஆபீசு?" என்று சுந்தரம்மாள் கேட்டாள். பேச்சி வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. அதே ஜீப்பில் மலைக்குப் போகிறவள்.

"மத்த நாள்ல நீங்க எல்லாரும் மலைல இருப்பீங்க. பூட்டின கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனா அது ஆட்டுக்குத்தான் ஆகும். ஆளைப் பாத்துச் சொல்லணும்" என்றார் அருள்மொழி.

மேற்கு முனையிலிருந்து அளக்க ஆரம்பித்தார்கள். பேச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக மகாராஜன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்கள் ஒரு வீட்டையும் விடவில்லை. ஒரு வீட்டில் படி இரண்டடி. ஒரு வீட்டில் கோழிக்கூடு. சுந்தரம்மாள் வாறுகாலுக்குக் குறுக்கே போட்டிருந்த துவைக்கிற கல். எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு விழுந்தது.

"என் கல்லு என்ன தாயி பாவம் பண்ணுச்சு? நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அங்கனதேன் கெடக்கு."

"கல்லு பாவம் பண்ணலம்மா. அது கெடக்குற எடத்துலதான் பாவம். தள்ளிப் போட்டாக் கல்லு நல்ல கல்லுதான்."

பேச்சி வீட்டுக்கும் வந்தார்கள். மொக்கச்சாமியைக் குளிப்பாட்டுவதற்காக வாசலில் வாறுகாலின் மேல் பலகைக்கல் போட்டுத் தட்டி மறைத்திருந்தாள். மூன்றடி. ஓவர்சியர் குனிந்து கோடு போட்டான். அருள்மொழி அவள் முகத்தைப் பார்த்தார். மனுவில் கையெழுத்துப் போட்டவள் இவள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இதையும் எடுக்கணும்மா. எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று மட்டும் சொன்னார்.

மகாராஜன் ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"யாரு மேடம் மனு குடுத்தது?"

"தெருவுலருந்து வந்திருக்கு."

"தெருவுக்குக் கையி காலு இருக்கா? ஆளு யாருன்னு கேக்கேன்."

"அதச் சொல்ல மாட்டோம். நாளைக்கு நீங்க வேற எதுக்காவது மனு குடுத்தா ஒங்க பேரையும் சொல்ல மாட்டோம்."

"ரோட்டுல நிப்பாட்டி ரெண்டு தடவ எவனோ பாட்டரியக் கழட்டிட்டுப் போயிட்டான் மேடம். வண்டி உள்ள நிக்கலன்னா காலைல இவுக எல்லாம் எதுல மலையேறுவாக? ஒங்க ஆபீசு ஜீப்பு குடுப்பீகளா?"

"வண்டி உள்ளயே நிக்கட்டும். யாரு வேணாங்குறா? வாறுகால் கீழ தொறந்திருக்கணும், அவ்வளவுதான். ரெண்டு இரும்புச் சட்டம் குறுக்க போட்டு, மேல கம்பித் தட்டி. அடச்சா தூக்கிச் சுத்தம் பண்ணலாம். அளவு இவர் எழுதித் தருவார்."

படி வேண்டும் என்றவர்களுக்கும் அதே மாதிரி சொன்னார். இரும்பு வளையம் வைத்த பலகைக்கல், இரண்டு ஆள் தூக்குகிற கனம், அதற்கு மேல் கூடாது. கிழக்கு முனையில் இருவர் பல வருஷமாக ஒருவர் வாசலுக்கு மற்றவர் சாக்கடையைத் தள்ளிவிட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அவர்களை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, மட்டம் பிடித்துக் காட்டி, எங்கே வெட்டினால் இருவருக்கும் தண்ணீர் போகும் என்று தரையிலேயே கோடு கிழித்தார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே சரி என்றார்கள். ஏழு நாள் கெடு. அடுத்த ஞாயிறோடு முடியும். எல்லாருக்கும் நோட்டீஸ் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

மறுநாள் ஜீப்பில் வேறு பேச்சே இல்லை.

"எழுதுன கை வெளங்குமா?" என்றாள் சுந்தரம்மாள். "அந்தக் கல்லுல நான் தொவச்சு நாலு புள்ளைகள வளத்தேன்."

"கெழக்குவீட்டுக்காரனாத்தேன் இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"அவனுக்கு எழுதத் தெரியுமா?"

"பாவம், இந்தப் பேச்சி வீட்டையுமில்ல குறிச்சுட்டுப் போயிட்டாக. படுத்துக் கெடக்குற மனுசனக் குளிப்பாட்டுற எடம். அதயுமா?"

எல்லாரும் பேச்சியைப் பார்த்தார்கள். அவள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"நாசமாப் போவான்" என்றாள் பேச்சி.

தன்னைத் தானே சபித்துக்கொண்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சிவப்புக் கோடு தன்னைக் காப்பாற்றுகிறது என்பதும் தெரிந்தது. தன் வீட்டுக்கே கோடு வாங்கித் தருகிற மனுவை யாராவது எழுதுவார்களா?

மகாராஜன் கியரை மாற்றினான். "ஆளு மட்டும் தெரியட்டும். இந்த ஸ்டாண்டுல ஒரு வண்டில காலு வைக்க முடியாது. ஆணோ பொண்ணோ."

செவ்வாய்க்கிழமை சுந்தரம்மாள் கல்லைப் புரட்டித் தன் வீட்டுப் பக்கம் போட்டுக்கொண்டாள். புதன்கிழமை கோழிக்கூடு போனது. பேச்சி தட்டியைப் பிரித்தாள். மகாராஜன் மட்டும் அசையவில்லை. வார்டு கவுன்சிலரைப் பார்த்திருக்கிறான் என்றார்கள். வெள்ளிக்கிழமை வானம் மூடிக்கொண்டது.

அன்று ராத்திரி பேச்சி, "நாளைக்கு நான் சோலிக்குப் போகல" என்றாள்.

"ஏன்?" என்றார் மொக்கச்சாமி.

"மழ வர்ற மாதிரி இருக்கு."

"மழ வருதுன்னு மலைக்குப் போகாட்டி ஐப்பசி கார்த்திகை பூராம் என் பக்கத்துலயே உக்காந்திரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுப் பசியாறுவோம்." பிறகு மெதுவாக, "காய் எடுப்பு நேரம். ரெண்டு நாளு நின்னா அங்க வேற ஆளு வந்துருவா. போ" என்றார்.

சனிக்கிழமை அவள் போனாள்.

பதினொரு மணிக்கு மலையில் தூறல் விழுந்தது. பிளாஸ்டிக் தாளைத் தலையோடு கட்டிக்கொண்டு காய் எடுத்தார்கள். ஒரு மணிக்கு மழை பலத்தது. சூப்பர்வைசரே விசிலடித்து எல்லாரையும் காய் காயவைக்கிற ஸ்டோருக்குள் கூப்பிட்டார். பாலில்லாத கட்டன் காப்பி கொடுத்தார்கள். பேச்சியால் குடிக்க முடியவில்லை. தூக்குவாளிச் சோறு திறக்காமல் இருந்தது.

"தம்பி, கெளம்புவமா? வெரசாப் போயிரலாம்" என்று மகாராஜனிடம் இரண்டு தடவை கேட்டாள்.

"ஒமக்கு மட்டும் என்னக்கா அவசரம்?"

இரண்டரைக்குக் கிளம்பினார்கள். போடிமெட்டைத் தாண்டி வளைவுகளில் இறங்கும்போது ரோடே ஓடையாக இருந்தது. படுதாவின் இடுக்கு வழியாகப் பார்த்தால் பள்ளத்தில் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாகப் புகை மட்டும். ஒரு வளைவில் மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னால் நாலைந்து வண்டிகள். வெட்டுகிறார்கள், முக்கால் மணிநேரம் ஆகும் என்றார்கள்.

"மதினி, ஒங்க போனக் கொண்டாங்க" என்று பேச்சி சுந்தரம்மாளிடம் வாங்கி மொக்கச்சாமியின் புதுப் போனுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அடித்தாள். அதே குரல்.

"சார்ஜு போயிருக்கும்டி" என்றாள் சுந்தரம்மாள்.

அப்போதுதான் மகாராஜன் போன் அடித்தது. கை ஈரம் என்று ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்த போனில் ஸ்பீக்கரை அழுத்தினான். அருள்மொழி. அவர் பேச்சுக்குப் பின்னால் மழையின் இரைச்சல்.

"மகாராஜன், நான் ஒங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன். ஒங்க சரிவுல முட்டித் தண்ணி தெருவெல்லாம் நிக்குது. கெடு நாளைக்குத்தான் முடியுது. நீங்க சரின்னு சொன்னா இப்பவே ஒடச்சுவிடுறோம்."

"என் பொஞ்சாதி ரோஜா வீட்ல இருப்பாளே?"

"பூட்டியிருக்கு."

"ஆமா, தேவாரத்துல அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா. கெடு நாளைக்குத்தான மேடம்? நாளைக்கு வாங்க."

"பக்கத்து வீட்டுக்குள்ள தண்ணி எறங்குதுங்க. நல்லவேள, பூட்டியிருக்கு, ஆளில்ல…"

பேச்சியிடமிருந்து வந்த சத்தம் பேச்சாக இல்லை. சுந்தரம்மாள்தான் கத்தினாள். "யாத்தே! உள்ள ஆளு இருக்காரு தாயி! மொக்கச்சாமி அண்ணே! நடக்க மாட்டாரு!"

அந்தப் பக்கம் அருள்மொழி யாரிடமோ கத்துவது கேட்டது. தகரத்தில் தட்டுகிற சத்தம். திரும்பி வந்தார்.

"கூப்பிட்டோம். மழைல ஒண்ணும் கேக்கல. கதவ இப்ப ஒடைக்க முடியாது. வாசல்ல இடுப்பளவு நிக்குது, வீடு பள்ளம். ஒடச்சா மொத்தமும் ஒரே மூச்சுல உள்ள போயிரும். மொதல்ல தண்ணிய எறக்கணும். மகாராஜன், சரின்னு சொல்லுங்க. ஆணையருக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன், லைன் கெடைக்கல. ஒங்க வார்த்த இல்லாம ஆளுங்க கம்பியத் தொடப் பயப்படுறாங்க."

மகாராஜன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வைப்பர் போய் வந்தது.

"போன வருசமும் இப்படித்தேன் பயங்காட்டுனாக" என்றான். "பேச்சியக்காவே சொன்னாக, தரை ஈரம்னு. கட்டில்ல கெடக்குற மனுசனுக்குத் தரை நனஞ்சா என்ன? மேடம், ஒண்ணு கேக்கேன். மனு குடுத்தது யாரு? பேரச் சொல்லுங்க. இந்த நிமிசமே ஒடச்சுக்கிருங்க."

"அது சொல்ல முடியாது."

"உசுரு போகுதுங்கறீக, பேரச் சொல்ல முடியாதுங்கறீக."

"முடியாதுங்க. ஒரு தடவ சொன்னா அப்புறம் எந்தத் தெருவுலயும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீங்க சரின்னு சொல்லுங்க."

பேச்சி பின் சீட்டிலிருந்து எழுந்தாள். ஜீப்பில் எழுந்து நிற்க இடமில்லை. தலை கம்பியில் இடித்தது. முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தேன்" என்றாள்.

மகாராஜன் திரும்பவில்லை.

"நாந்தேன் தம்பி எழுதிக் குடுத்தேன். ஒம் பேர எழுதல. எழுதாமப் போனதுலதேன் எல்லாரு வீட்டுக்கும் வந்துட்டாக. போன வருசம் தரை ஈரமில்ல. இடுப்பளவு தண்ணி. மூணு மணி நேரம் சன்னக் கம்பியப் புடிச்சுக்கிட்டுத் தொங்குனாரு. சாக்கடைக்குள்ள, பேண்டு மோண்டு, காப்பாத்துங்கன்னு கத்தியிருக்காரு. யார்ட்டயும் சொல்லாதன்னாரு. இப்பச் சொல்லிட்டேன். ஒடைக்கச் சொல்லுய்யா. என்னைய இங்கனயே எறக்கி விட்டுரு. நடந்து போறேன். ஒடைக்கச் சொல்லு."

மகாராஜன் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பத்து வினாடி இருக்கலாம். பேச்சி மட்டும் என்னிடம், ஒரு சோறு வேகிற நேரம் என்றாள்.

"ஒடச்சுக்கிருங்க" என்றான் மகாராஜன்.

"சத்தமாச் சொல்லுங்க, ஆளுங்களுக்குக் கேக்கட்டும்."

"ஒடச்சுக்கிருங்கன்னு சொல்றேன்ல!"

கம்பி சிமெண்டில் விழும் முதல் அடி போனில் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு மரம் வெட்டி முடிக்கிறவரை அவள் நின்றபடியே இருந்தாள். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை. சுந்தரம்மாள் மட்டும் வெகுநேரம் கழித்து அவள் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"ஒன்னைய அம்புட்டு வஞ்சேனேடி."

"நானுந்தேன் வஞ்சேன் மதினி."

வண்டி நகர்ந்து இரண்டு வளைவு இறங்கியதும் மறுபடி போன் வந்தது. அருள்மொழிதான்.

"தண்ணி எறங்கிருச்சு. கதவத் தொறந்துட்டோம். ஆளு நல்லா இருக்காரு. நெஞ்சு வரைக்கும் ஈரம். வாயத் தொறந்து வஞ்சுக்கிட்டு இருக்காரு. கதவு நாதாங்கிய ஒடச்சுட்டோமாம்."

ஜீப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள், அழுதார்கள். பேச்சி சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

தெருமுனையில் வண்டி நின்றது. மகாராஜன் வீட்டு வாசலில் சிமெண்டு பிளந்து கிடந்தது. அந்தப் பிளவுக்குள் தண்ணீர் சுழித்துச் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. அருள்மொழி முழங்கால்வரை சேற்றோடு, நனைந்த துண்டைப் பிழிந்தபடி நின்றார். வீட்டுக்குள் இரண்டு துப்புரவுப் பணியாளர்கள் மொக்கச்சாமியை இரண்டு மர ஸ்டூல்களுக்கு மேல் பலகை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அவர் பேச்சியைப் பார்த்தார். பணியாளர்கள் போகிறவரை காத்திருந்தார்.

"போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டியாமே."

"ம்."

"எல்லாருக்கும் முன்னாடி."

"ஆமா."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அடுப்பில் ஈர விறகை வைத்து ஊதினாள். பற்றவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை ஜீப் அவள் வாசலில் நிற்காமல் போனது. ஸ்டாண்டில் வேறு இரண்டு வண்டிகளில் கேட்டாள், இடமில்லை என்றார்கள். அவர்கள் காரணம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போடியில் ஒரு கோடவுனில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். கூலி பாதிதான். மத்தியானம் வீட்டுக்கு வந்து போக முடிகிறது. மகாராஜன் இரும்புச் சட்டமும் கம்பித் தட்டியும் போட்டுக்கொண்டான், ஓவர்சியர் எழுதிக் கொடுத்த அளவுக்கே. பேச்சியோடு இன்றுவரை பேசவில்லை. ரோஜா மட்டும் புருஷன் இல்லாத நேரத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுப்பாள். சுந்தரம்மாள் அதே ஜீப்பில்தான் மலைக்குப் போகிறாள். கிழக்கு முனைக்காரர்கள் இருவருக்கும் வாறுகால் சரியாகப் போகிறது. பேச்சுவார்த்தை இன்னும் இல்லை. அருள்மொழிக்கு மறு வருஷம் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மொக்கச்சாமி நாற்பது நாள் பேச்சியோடு பேசவில்லை, பிறகு ஒரு நாள் கருவாட்டைப் பற்றி ஏதோ சொல்லிப் பேச ஆரம்பித்தார். அடுத்த ஆடியில் படுக்கைப் புண்ணில் சீழ் வைத்து, பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து இறந்துபோனார். பேச்சி அந்த வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு ஐப்பசி போய்விட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.